நெஞ்சு நின்று நின்று துடிக்கிறதா?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. அன்று வர இயலாத குழுக்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் கடன் திருப்பம், தணிக்கை என்று நிறைய இருக்கிறது. அதற்கு நடுவில் நெஞ்சைப் பற்றி எதற்குப் பேச்சு என்று பின்வரிசையில் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு குழுவின் தீர்மான நோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தோம். ஒரே உறுப்பினர், ஒரே வருடத்தில் மூன்று முறை, ‘மருத்துவச் செலவு’ என்று உள்கடன் வாங்கியிருந்தார். மூன்றும் சேர்த்து 18,000 ரூபாய். என்ன நோய் என்று ஊக்குநரைக் கேட்டோம். “நோயெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எல்லா டெஸ்டும் நார்மல்னு வந்திருச்சு. ஆனா அந்த அக்கா வீட்ட விட்டு வெளிய வரமாட்டேங்குது” என்றார். நோய் இல்லை, ஆனால் 18,000 ரூபாய் கடன். இந்தக் காலாண்டில் இன்னொரு குழுவிலும் அதே மாதிரி ஒரு கடன் எழுதியிருக்கிறது. அதனால்தான் இன்று பேசுகிறோம். அந்த அக்காவிடம் சம்மதம் வாங்கியாயிற்று. “என் பேரையும் ஊரையும் மட்டும் விட்டுருங்க, மத்தத எல்லாம் சொல்லுங்க” என்றார்.

அந்த அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. கீரமங்கலம் பக்கம் விடியற்காலையில் பூ பறிக்கப் போகிறவர். கொஞ்சம் தென்னை இருந்தது, 2018 நவம்பரில் கஜா புயலில் அது போய்விட்டது. அதிலிருந்து பூ பறிக்கிற கூலிதான் வீட்டுக்கு ஆதாரம். ஒரு ராத்திரி படுத்திருக்கும்போது நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி இருந்ததாம். பிறகு ஒரு நொடி எதுவும் இல்லை. “நின்னே போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் தொம்முனு ஒரு அடி. தொண்டை வரைக்கும் வந்து இடிச்சுச்சு” என்று சொன்னார். வேர்த்துவிட்டது, கை நடுங்கியது. கணவரை எழுப்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி பிடித்து ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஈசிஜி எடுத்தார்கள். நார்மல். ஒன்றுமில்லை, போய்த் தூங்குங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் ராத்திரியும் வந்தது. ஒன்றுமில்லை என்றால் எனக்கு வந்தது என்ன என்று யாரைக் கேட்பது? வேறு ஊரில் வேறு ஆஸ்பத்திரி, பிறகு மூன்றாவது ஒன்று. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள் சேர்ந்தது. கோயிலில் மந்திரித்துக் கயிறும் கட்டிக்கொண்டார். அதை நாங்கள் கேலி பேசவில்லை, பயந்தவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். பூ பறிக்கப் போவது நின்றது. குனிந்தால் நெஞ்சு நின்றுவிடும் என்று பயம். தனியாகக் கொல்லைக்குப் போகவும் பயம். குழுக் கூட்டத்துக்கு வருவதை விட்டார். எப்போது பார்த்தாலும் இடது மணிக்கட்டில் வலது கை விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டே இருப்பார்.

நாங்கள் போய்ப் பார்த்தோம். பையைப் பிரித்து ஒவ்வொரு தாளாகக் காட்டினார். எல்லாவற்றிலும் நார்மல் என்றே இருந்தது. நாங்களும் படித்தவர்கள் அல்லவா, “எல்லாம் மனசுதான்க்கா, தைரியமா இருங்க” என்று சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த முறை போனபோது அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவருடைய மகள்தான் திண்ணையில் உட்கார்ந்து எங்களுக்கு விஷயத்தைச் சொன்னது. ஆறு மாதம் முன்னால் அவருடைய கணவரின் அண்ணன் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். வாயு என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்து, இஞ்சி தட்டிக் கொடுத்து, விடியட்டும் என்று இருந்திருக்கிறார்கள். விடிவதற்குள் அவர் போய்விட்டார். சோடாவை உடைத்துக் கொடுத்த கை இந்த அக்காவின் கை. அப்படிப்பட்டவரிடம் போய் மனசுதான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். சமூகப் பணி படித்துவிட்டு வந்த எங்களுக்கு, முதலில் கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரியவில்லை. பிறகு போய் மன்னிப்புக் கேட்டோம். அரசு மருத்துவமனைக்குக் கூடவே வருகிறோம் என்று சொன்னோம். வந்தார்.

அங்கே இருந்த டாக்டரம்மா அவசரப்படாமல் விளக்கினார்கள். அதை உங்களுக்கும் சொல்கிறோம், ஏனென்றால் நம்மில் பலருக்கும் இது வருகிறது.

நம் இதயம் நிமிடத்துக்கு சுமார் 70 தடவை என்று வைத்தால், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் துடிக்கிறது. இதயத்தின் மேல்பகுதியில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கிருந்துதான் ஒவ்வொரு துடிப்புக்கும் மின்சாரம் மாதிரி ஒரு உத்தரவு கிளம்புகிறது. சில நேரம் அந்த உத்தரவு வருவதற்கு முன்பே, இதயத்தில் வேறு ஒரு இடம் முந்திக்கொண்டு ஒரு துடிப்பைக் கிளப்பிவிடுகிறது. கும்மி அடிக்கும்போது ஒருத்தி மட்டும் முந்திக் கை தட்டிவிடுவாள் இல்லையா, அந்த மாதிரி.

சரி, அப்போது நின்ற மாதிரி ஏன் தெரிகிறது? தெருவில் இருக்கும் அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை முழுசாகத் தூக்காமல் பாதியிலேயே அமுக்கினால் தண்ணீர் சொட்டுத்தான் வரும். இதயத்தில் ரத்தம் நிரம்புவதற்கு முன் வருகிற துடிப்பும் அப்படித்தான், சோப்ளாங்கித் துடிப்பு. அது மணிக்கட்டுக்கு வந்து சேராது. நாடி பார்த்தால் ஒன்று விட்டுப்போன மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு இதயம் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் ரத்தம் நன்றாக நிரம்பிவிடுகிறது. அடுத்த துடிப்பு கைப்பிடியை முழுசாகத் தூக்கி அடித்த மாதிரி பலமாக வரும். அந்த ‘தொம்’ அதுதான். இதயம் நிற்கவில்லை. ஒன்று முந்தி வந்தது, அடுத்தது பொறுத்து வந்தது.

அக்கா உடனே கேட்டார், “அப்ப ஈசிஜியில ஏன் வரல?” நல்ல கேள்வி. ஈசிஜி தாளில் பதிவாவது சுமார் பத்து நொடி துடிப்புதான். அந்தப் பத்து நொடிக்குள் முந்திய துடிப்பு வந்தால்தான் தாளில் விழும். அதற்காகத்தான் உடம்பிலேயே ஒரு நாள் முழுக்க மாட்டிவிடும் கருவி இருக்கிறது. ஹோல்டர் என்பார்கள், கண்டுபிடித்த அமெரிக்கரின் பெயர் அது. அவர் முதலில் செய்த கருவி 38 கிலோ எடை, முதுகில் சுமக்க வேண்டும். கிட்டத்தட்ட முக்கால் மூட்டை சிமெண்டு! இப்போது உள்ளங்கைக்குள் அடங்குகிறது, ஜாக்கெட்டுக்குள் மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். இதய நோய் இல்லாதவர்களுக்கு இப்படி 24 மணி நேரம் பதிவு செய்து பார்த்தாலே பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ முந்திய துடிப்புகள் இருக்குமாம். நிறைய பேருக்கு அது தெரிவதே இல்லை. சிலருக்கு ஒவ்வொன்றும் தெரிகிறது. தெரிகிறவர்களுக்குத்தான் வேதனை.

நம் அக்காவுக்கு மாட்டிப் பார்த்ததில் ஒரு நாளில் ஒரு லட்சத்து நாலாயிரம் துடிப்பு. அதில் முந்தியவை 312. இதய ஸ்கேனும் நன்றாக இருந்தது. ஒரு நாளில் பத்தாயிரத்துக்கு மேல் போனால் இதயம் நாளடைவில் பலவீனம் ஆகாமல் கவனிக்க வேண்டும், உங்களுக்கு அது இல்லை என்று டாக்டரம்மா சொன்னார்கள். பிறகு மஞ்சள் பையிலிருந்த ஒரு தாளை எடுத்து அதில் ஒரு எண்ணை வட்டம் போட்டார்கள். ஹீமோகுளோபின் 8.4. மூன்று இடத்திலும் இந்தப் பரிசோதனை எடுத்திருக்கிறார்கள். மூன்று தாளிலும் இருக்கிறது. ஒருவரும் அதை அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை. ரத்தம் குறைந்தால் இருக்கிறதை வைத்துச் சமாளிக்க இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கும், படபடப்பு வரும், முந்திய துடிப்பும் நன்றாகத் தெரியும்.

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். 2019–21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்தக் கூடத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அதில் ஒருவர் என்று கணக்கு. சாப்பாட்டில் கடைசியாக உட்காருவது, மாதவிடாயில் அதிகம் போனாலும் சொல்லாமல் இருப்பது, சத்து மாத்திரையை வாங்கி அலமாரியில் வைப்பது, இதெல்லாம் நமக்குப் புதுசா? அந்த மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று நிறுத்துகிறவர்கள் நிறைய. கறுப்பாகப் போவது மாத்திரையில் இருக்கும் இரும்பினால்தான், பயப்பட வேண்டாம். டீயோடு சேர்த்து மட்டும் போடாதீர்கள், சத்து உடம்பில் சேராது.

ரத்தசோகை தவிர தைராய்டு கூடினாலும் படபடப்பு வரும். மாதவிடாய் நிற்கும் வயதிலும் கர்ப்ப காலத்திலும் வரும். காய்ச்சல், தூக்கக் குறைவு, வெற்றிலையோடு புகையிலை, ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சில மருந்து, மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரை, வெறும் வயிற்றில் ஸ்ட்ராங் டீ நாலு டம்ளர் என்று காரணம் பல. டீயை அடியோடு நிறுத்தச் சொன்னால் நீங்கள் எங்களைக் கூட்டத்திலிருந்து நிறுத்திவிடுவீர்கள். டீ சிலருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்குத் தூண்டும். ஒரு வாரம் குறைத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, துடிப்பு தவறினால் எல்லாமே சாதாரணம் என்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லக் கூடாது. சிலவற்றை ஒரு நிமிடம் கூடத் தள்ளிப்போட முடியாது. படபடப்போடு மயங்கி விழுவது, நெஞ்சை அழுத்துகிற வலி, அது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, வேர்த்துக்கொட்டி மூச்சு வாங்குவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் வேகமாக அடிக்க ஆரம்பித்து நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பது. இதெல்லாம் வந்தால் சோடா வேண்டாம், இஞ்சி வேண்டாம், விடியட்டும் என்பது வேண்டவே வேண்டாம். 108க்குப் போன் செய்யுங்கள். மாரடைப்புக்கு முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுப்பதற்காக 2023 ஜூனில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அந்த மாத்திரை உதவ வேண்டுமானால் நாம் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும்.

இன்னும் சிலர் அவசரம் இல்லாவிட்டாலும் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும். வீட்டில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர் உண்டு என்றால், ஓடும்போது அல்லது சுமை தூக்கும்போதுதான் துடிப்பு தவறுகிறது என்றால், கால் வீங்கினால், நாடி ஒரு ஒழுங்கே இல்லாமல் தாறுமாறாக அடித்தால் போய்க் காட்டுங்கள். தாறுமாறாக அடிக்கும் ஒரு வகையில் இதயத்துக்குள் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரவும் கூடும். சிறுவயதில் தொண்டைப்புண்ணும் காய்ச்சலும் வந்து பிறகு மூட்டு மூட்டாக வீங்கிய பெண்களுக்கு இதய வால்வு கெட்டிருக்க வாய்ப்பு உண்டு. அது பல வருடம் கழித்து, பிள்ளைப்பேறு சமயத்தில்தான் வெளியே தெரியும். அப்படி ஒரு பழைய கதை உங்களுக்கு இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அக்காவிடம் டாக்டரம்மா ஒரு வித்தியாசம் சொன்னார்கள். வீட்டில் தண்ணீர்க் குழாய் வேறு, கரண்ட் ஒயர் வேறு. அவருடைய மூத்தாருக்கு வந்தது குழாய் அடைப்பு. இவருக்கு வருவது ஒயரில் எப்போதோ ஒரு முறை லைட் மினுக்குவது. லைட் மினுக்கியதால் குழாய் அடைத்துக்கொள்ளாது. அக்கா அதைக் கேட்டு அழுதார். மூத்தாரைப் பற்றி யாரும் அவரிடம் அதுவரை பேசவில்லையாம்.

சரி, தெரிந்துகொண்டதும் பயம் போய்விட்டதா? போகவில்லை. இதைச் சொல்லத்தான் நாங்கள் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டோம். இரும்புச் சத்து மாத்திரையால் மூன்று நாலு மாதத்தில் ஹீமோகுளோபின் 11க்கு ஏறியது. துடிப்பு தவறுவதும் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. வரும்போதெல்லாம் பழைய பயம் வந்தது. பயந்தால் உடம்பு சண்டைக்குத் தயாராகிற மாதிரி ஒரு சுரப்பை ரத்தத்தில் விடுகிறது. அந்தச் சுரப்பே இதயத்தை வேகப்படுத்தி இன்னும் இரண்டு துடிப்பை முந்த வைக்கிறது. அதைப் பார்த்து இன்னும் பயம். நாடி பார்க்கும் பழக்கம் இதற்கு எண்ணெய் ஊற்றுகிறது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தால் காற்றில் கதவு ஆடினாலும் ஆள் வந்த மாதிரிதானே தெரியும்?

அதனால் நாடி பார்ப்பதைக் குறைப்பது என்று முடிவு செய்தோம். ஒரேயடியாக விடு என்றால் அவரால் முடியவில்லை. முதலில் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, மகள் முன்னால் மட்டும். இரண்டு வாரம் கழித்து மாலை மட்டும். நடுவில் கை தானாக மணிக்கட்டுக்குப் போனால் பூத் தொடுக்க நாரை எடுத்துக்கொள்வார். துடிப்பு தவறியதும் மூச்சை இழுத்ததைவிட மெதுவாக, நீளமாக விடுவது. அடுப்பு ஊதுகிற வேகம் வேண்டாம், சூட்டுக் கஞ்சியை ஆற்றுகிற மாதிரி. பத்து முறை விட்டால் படபடப்பு இறங்கியது. இடது பக்கம் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவர் பக்கம் சாய்ந்து அதிகமாகத் தெரியும், அதனால் வலது பக்கம் படுக்கச் சொன்னார்கள். கணவர் ராத்திரியில் ரேடியோவைச் சன்னமாக வைத்தார். நிசப்தத்தில்தான் நெஞ்சுச் சத்தம் பெரிதாகக் கேட்கிறது.

பூ பறிக்கப் போக வைத்ததுதான் கஷ்டம். முதல் நாள் பக்கத்து வீட்டு அக்காள் கூடவே நின்றார். ஒரு வரிசை மட்டும் பறித்தார்கள். அன்று அவரே ஒன்றைக் கவனித்தார். குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும்போது ஒரு துடிப்பும் தவறவில்லை, வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் தவறியது. டாக்டரிடம் சொன்னபோது, வேலையில் இதயம் வேகமெடுத்ததும் மறைந்துவிடுகிற முந்திய துடிப்பு பெரும்பாலும் தொந்தரவு இல்லாத வகை என்றார்கள். நாங்கள் ஆயிரம் சொன்னதைவிட அந்த ஒரு வரிசை மல்லிகைதான் அவருக்குத் தைரியம் கொடுத்தது.

குழுக்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறோம். யாராவது நெஞ்சு படபடக்குது என்றால் உடனே ஒருவர், “எங்க சித்தப்பாவும் இப்படித்தான் சொன்னாரு, மறுநாளே...” என்று ஆரம்பிப்பது. அடுத்தவர் செய்வினை என்பது. மூன்றாமவர் தனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையில் இரண்டு எடுத்துக் கொடுப்பது. துடிப்பைக் குறைக்கிற சில மாத்திரை ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து. தயவுசெய்து மாத்திரையில் மட்டும் பகிர்ந்துண்ணல் வேண்டாம். மருத்துவக் கடன் கேட்டு வருகிறவரை, அவசரம் இல்லாதபோது, முதலில் ஒரு ஆள் துணையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ரத்த அளவு, பி.பி., சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். மேற்கொண்டு ஈசிஜியோ தைராய்டோ தேவையென்றால் எந்த அரசு மருத்துவமனை என்று அவர்களே எழுதித் தருவார்கள். நார்மல் என்று சொன்னால், “அப்போ எனக்கு வருவது என்ன? மறுபடி வந்தால் என்ன செய்யணும்? எப்போ ஓடி வரணும்?” என்று மூன்றையும் கேட்டுவிட்டு எழுந்திருங்கள். பயம் விடாமல் தூக்கத்தைக் கெடுத்தால் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவசமாக மனநல ஆலோசனை கேட்கலாம். அதற்கு போன் செய்தால் பைத்தியம் என்று அர்த்தம் இல்லை.

அந்த அக்கா 18,000 ரூபாயையும் பூ பறித்த கூலியில் பதினெட்டு தவணையாகக் கட்டி முடித்தார். அடகு வைத்த தோடு இன்னும் மீளவில்லை. போன மாதக் கூட்டத்தில் தீர்மானம் வாசித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று நெஞ்சில் கை வைத்தார். எல்லோரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தோம். ஒரு மூச்சு நீளமாக விட்டார். “வந்துச்சு, போயிருச்சு. நீங்க ஏன் நிப்பாட்டிட்டீங்க, வாசிங்க” என்றார்.